தினைப்புனத்தில் இறங்கிய கொக்கு

நடிப்பு, இசை, அரசியல் ஆகிய மூன்றிலும் ஒருவரே இயங்கியிருந்தால் அவற்றை மூன்று தனி வாழ்க்கைகளாகப் பிரித்து எழுதுவது நூல்களின் வழக்கமாயினும், மேடையில் நின்று பாடிப் பழகியோருக்கு எஸ். எஸ். விசுவநாத தாஸ் (1886–1940) பற்றிய பேச்சில் அப்பிரிவினை ஒட்டுவதில்லை. சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த அந்த நடிகரின் அரசியல் அவருடைய பாட்டுக்குள்ளேயே இருந்தது. அதற்கு இடம் விட்டது அவர் நடித்த நாடக வடிவம்.

அவ்வடிவத்துக்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். ராஜபார்ட் எனப்படும் நாயக வேடக்காரர், ஸ்திரீபார்ட் எனப்படும் நாயகி, பபூன், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் ஆகியோரைத் தனித்தனியே பேசி, ஒரே இரவுக்கு மட்டும் ஒரு மேடையில் சேர்ப்பது இதன் முறை. ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த பாடம், அதாவது கதைப்போக்கும் வசனமும் மெட்டும் சேர்ந்த மூலம், எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பதால்தான் முன்பின் அறியாதவர்கள்கூட விடியும்வரை பிசகாமல் ஆட முடிகிறது. பாடம் எலும்புக்கூடு மட்டுமே. எந்தப் பாட்டை எங்கே நீட்டுவது, தருக்கத்தில் (இரு வேடங்கள் பாட்டாலும் பேச்சாலும் மோதும் பகுதியில்) எதை இழுத்து வருவது என்பதெல்லாம் அன்றைய இரவின் தீர்மானம். அந்தச் சுவாமிகள் புதுச்சேரியில் காலமாகிக் கருவடிக்குப்பத்தில் அடங்கியிருக்கிறார். புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பம் என்ற ஊருக்கு அருகிலுள்ள அவ்விடத்தில் நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் கூடுகின்றனர். கோட்டக்குப்பத்துக்கு மேற்கே வானூர், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் வேரூன்றியது தெருக்கூத்து என்னும் வேறு வடிவம் என்றாலும், வேடக்காரர் தாமே பாடியாக வேண்டும், குரல் போனால் வேடமும் போயிற்று என்ற விதி ஸ்பெஷல் நாடகம், தெருக்கூத்து இரண்டுக்கும் ஒன்றே.

‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளி பறவைகளை விரட்டுகிறாள். பறவை ஓட்டும் அக்கட்டத்தில் கிளியும் மயிலும் பாட்டில் வந்துபோவது மரபு. அந்த வரிசையில் ஒரு வெள்ளைக் கொக்கு சேர்ந்துகொண்டால் கதை கெடுவதில்லை, மெட்டும் இடறுவதில்லை. தாஸின் பெயரோடு இணைந்து பரவிய கொக்குப் பாட்டின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. கொக்கு என்பது வெள்ளையரே என்று நடிகர் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகை சிரித்த சிரிப்பே விளக்கிவிடும். நாடகத்தை நிறுத்திவிட்டுச் சொற்பொழிவாற்றும் நடிகரைக் கூட்டம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கதைக்குள் நின்று குத்துபவரிடம் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும்.

ஆட்சிக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம். புராணக் கதையின் ஏட்டைப் புரட்டித் தடைசெய்ய அதில் எதுவும் அகப்படாது. குற்றம் இரவில், வாயில்தான் பிறந்தது. ஆகவே ஏட்டை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தனர். தாஸ் பலமுறை சிறை சென்றார்.

இந்த இடத்தில் கோட்டக்குப்பத்தின் நிலையை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். அந்நாளில் இவ்வூர் ஆங்கிலேயர் ஆட்சியிலும், தெற்கே ஒட்டிக் கிடக்கும் முத்தியால்பேட்டை பிரெஞ்சு ஆட்சியிலும் இருந்தன. 1908இல் பாரதி புதுச்சேரிக்குப் போய் ‘இந்தியா’ இதழை அங்கிருந்து நடத்த முடிந்தது. தாள் எல்லை தாண்டி வரும், எழுதியவர் அப்பால் இருப்பார். பாடும் நடிகருக்கு அந்த ஏற்பாடு உதவாது. அவருடைய அச்சகம் அவருடைய தொண்டை. பாட்டு எங்கே ஒலிக்கிறதோ அங்கே ஆளும் நின்றாக வேண்டும், கைது செய்ய வருபவர் கண்ணெதிரே. நடிகையும் பாடகியுமான கே. பி. சுந்தராம்பாள் 1937 தேர்தலில் காங்கிரசுக்காகப் பாடிப் பிரசாரம் செய்து, பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். ஆனால் அவர் குரலை இசைத்தட்டும் சினிமாவும் தனியே ஏந்திச் சென்றன. மேடையே கதியென்றிருந்தவர்களின் கணக்கு வேறு.

சிறையைக் காட்டிலும் கசப்பான ஒன்றும் உண்டு. தாஸ் மருத்துவர் (நாவிதர்) சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு இணைந்து நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். ஸ்திரீபார்ட் எதிரே நிற்காமல் தருக்கம் நடவாது. ராஜபார்ட் எவ்வளவு பாடினாலும் அது பாதி நாடகமே. முருகனாக வந்தால் கற்பூரம் காட்டும் ஊரில், அந்த வேடத்தைக் கட்டியவருக்கு நேர்ந்தது இது. அவர் அதையும் தாண்டி, பாட்டின் வலிமையால் மேடையைத் தக்கவைத்துக்கொண்டார்.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’. முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது, வயது 54. நின்று பாடிப் பழகியவருக்கு அமர்ந்து பாடுவது கடினம். வயிறு மடங்குவதால் மேல்ஸ்தாயிக்கு மூச்சு எளிதில் எட்டாது. பாடுபவர் ஓர் அடியை நடுவில் விட்டால் ஆர்மோனியம் அதை வாங்கி வாசித்து, அவர் திரும்பி வரும்வரை சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது இம்மேடையின் முறை.