தொட்டிக்குள் ஒரு தகராறு

தம்மாமில் என் அறைத் தனிமைக்குத் துணையாக, ஈராண்டுகளுக்கு முன் டிஸ்கஸ் மீன்கள் இரண்டை வாங்கினேன். அமேசான் ஆற்றைத் தாயகமாகக் கொண்ட, தட்டுப்போல் வட்டமான இனம். சில நாள்களிலேயே பெரியது சிறியதை முட்டி விரட்டலாயிற்று. சிறியது உடல் கறுத்து மூலையில் ஒதுங்கியது, இரையையும் தொடவில்லை. இடையே கண்ணாடித் தடுப்பு வைத்தேன். அகற்றியதும் பழைய கதையே. வன்னியில் ஆசிரியனாயிருந்தபோது சண்டையிட்ட மாணவரையும் இப்படித்தான் வேறு வேறு வாங்குகளில் இருத்தினேன்.

"இன்னும் நான்கு மீன்களை விடுங்கள் மாஸ்டர்" என்றார், மீன் வளர்ப்பில் தேர்ந்த நண்பர் ஒருவர். நெரிசல் சண்டையைக் கூட்டும் என்பதை 2009இல் செட்டிகுளம் முகாமின் தண்ணீர் வரிசையில் கண்டவனுக்கு இது விந்தையாகவே பட்டது. "இடத்தையும் பெருக்க வேண்டும். இவை கூட்டமாய் வாழ்பவை, இரண்டே இருந்தால் அடி முழுவதும் ஒன்றின்மேல்தான் விழும்" என விளக்கினார்.

பெரிய தொட்டி வாங்கி, ஒத்த அளவுள்ள நான்கையும் ஒரே நாளில் விட்டேன். உள்ளிருந்த மரக்கட்டைகளை இடம் மாற்றி வைத்தேன். பழைய எல்லைகள் அழிந்தன. நீரின் வெப்பம் 29 பாகை செல்சியஸ். இரை இரு மூலைகளில். துரத்தல் நிற்கவில்லை, ஆனால் ஆறும் அதைப் பங்கிட்டுக்கொண்டன. சிறியது மெல்ல மெல்ல நிறம் மீண்டது.

இப்பொழுது அதுவே இணைசேர்ந்து, மண்குடுவையில் ஒட்டிய முட்டைகளைக் காத்து நின்று மற்றவற்றை விரட்டுகிறது, முன்னைய பெரியதையுங்கூட! அந்த இணைக்குத் தனித்தொட்டி ஒன்று தேடவேண்டும்.