லவணாசுரன் மடு

எரிமலை என்றவுடன் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இத்தாலி, ஜப்பான், ஜாவா என்று வரிசையாக ஒப்புவித்து விடுவார்கள். நம்முடைய தக்ஷிண பீடபூமியில் பெரும் பாகம் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைதான் என்று சொன்னால் மட்டும் சந்தேகத்துடன் பார்ப்பார்கள். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து, அடுக்கடுக்காகக் குழம்பு வழிந்து, மஹாராஷ்டிரத்தின் பெரும் பகுதியை மூடிக்கொண்டது. அந்தக் கரும்பாறையின் நடுவே, புல்டாணா ஜில்லாவில், வட்டமாக ஒரு பள்ளமும் அதன் அடியில் ஓர் ஏரியும் இருக்கின்றன. லோணார் என்று பெயர். அவிந்துபோன எரிமலையின் வாயில் தேங்கிய நீர் என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதிவந்த இடம் அது.

டிசம்பர் விடுமுறையில், திருப்பூர் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஜால்னா வரையில் ரயில்; அப்பால் பஸ். வழி நெடுகப் பருத்தி. கறுத்த மண்ணைப் பார்த்ததும், அதுவரை தூங்கிக்கொண்டு வந்த நண்பர் விழித்து, "ஏனுங்க வாத்தியாரே, பல்லடத்துக்கே திரும்பி வந்துட்டமாட்ட இருக்குதுங்களே!" என்றார்.

விளிம்புக்கு மிக அருகில் வரும் வரையில் பள்ளம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பிறகு திடீரென்று காலடியில் பூமியே இல்லை! விளிம்புக்கு விளிம்பு சுமார் 1.8 கிலோமீட்டர் இருக்கும். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரங்கள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஏறத்தாழ அந்த ஆழம் நிரம்பும். சரிவெல்லாம் மரங்கள் அடர்ந்த காடு. நடுவில் பச்சை நிறத்தில், அலையில்லாமல், நீர்.

இறங்கும் வழியில் கோமுகம் என்னும் ஊற்று வற்றாமல் விழுந்துகொண்டிருக்கிறது. அதன் நீர் தித்திப்பானது. கீழே காட்டுக்குள் இடிந்த கோயில்கள் பல. மயில்கள் அகவின, கருமுகக் குரங்குகள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏரிக்கரையை அடைந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. நண்பர் துணிந்து விரலை நனைத்துப் பார்த்து, "சோப்புத் தண்ணியாட்ட வழுவழுங்குதுங்க" என்றார். அவர் சொன்னது சரியே. ஊற்றும் மழையும் உள்ளே வருகின்றனவே தவிர, நீர் வெளியே போக வழியில்லை. வெயில் நீரை மட்டும் கொண்டு போகிறது. உப்பும் சோடாவும் தங்கிவிடுகின்றன. அந்த நீரில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. 2020-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நீர் வற்றி உப்பு ஏறியபோது, அவற்றுள் ஓர் இனம் பெருகி, ஏரி முழுவதும் ரோஜா நிறமாக மாறிற்று. தேசமே வியந்தது, ஊரார் சிலர் பயந்தும் போனார்களாம்.

ஊருக்குள் தைத்ய ஸூதனர் கோயில் இருக்கிறது. லவணாசுரன் பூமிக்கடியில் ஒளிந்திருந்தான். விஷ்ணு இளைஞனாக வந்து, குகையின் மூடியைக் கால்விரலால் தூக்கி எறிந்து அவனை வதைத்தார். அவன் ரத்தமே ஏரி நீர், சதையே உப்பு என்பது ஸ்தல புராணம். பள்ளத்தை உண்டாக்கியவர் வெளியிலிருந்து வந்தார் என்று புராணிகர் சொன்னதை எண்ணிப் புன்னகை செய்துகொண்டேன். ஏனெனில் பூகர்ப்ப சாஸ்திரிகளும் கடைசியில் அந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். ஏரியின் அடியைத் துளைத்து எடுத்த கற்களில், எந்த எரிமலையாலும் உண்டாக்க முடியாத பேரழுத்தத்தில் கண்ணாடியாக மாறிய தாதுப் பொருள் இருந்தது. விண்ணிலிருந்து ஒரு கல் விழுந்து மோதியதால் உண்டான பள்ளமே இது என்று 1973-இல் அமெரிக்கரும் நம் நாட்டு பூகர்ப்ப இலாகா அறிஞரும் சேர்ந்து எழுதி ஸ்தாபித்தார்கள். எரிமலைப் பாறையில் இப்படி விழுந்து, இவ்வளவு சிதையாமல் நிற்கும் பள்ளங்கள் பூமியில் மிகச் சிலவே. சந்திரனில் உள்ள பள்ளங்களை அறிய விரும்புவோரும் இங்கே வருவது அதனால்தான். விழுந்த காலத்தைப் பற்றி மட்டும் வழக்குத் தீரவில்லை: ஒரு கணக்கு ஐம்பதினாயிரம் ஆண்டுகள் என்கிறது, மற்றொன்று ஐந்தரை லக்ஷத்துக்கு மேல் என்கிறது. வித்தியாசம் அற்பமானதல்லவே!

2020-இல் ராம்சார் உடன்படிக்கையில் இடம்பெற்ற இந்த ஏரிக்கு இப்போது அபாயம் உப்பிலிருந்து வரவில்லை. நல்ல தண்ணீரிலிருந்து வருகிறது. விளிம்பை ஒட்டியே ஊர் வளர்ந்திருக்கிறது. அதன் சாக்கடை பள்ளத்தில் இறங்குவதைத் தடுக்க வேண்டுமென்று ஹைகோர்ட்டு வரையில் வழக்குப் போயிருக்கிறது. நீரின் காரம் குறைந்தால், அந்தக் காரத்தையே நம்பி வாழும் உயிர்களுக்கு வேறு போக்கிடம் ஏது?

இதை நண்பருக்கு விளக்கிக்கொண்டே மேலே ஏறினேன். அவருக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி உண்டு. சாயப்பட்டறை நீர் கலந்து நொய்யல் உப்பாகிப்போனதையும், ஒரத்துப்பாளையம் அணையில் அந்த நீர் தேங்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு பட்டறைகளை மூடச் சொன்னதையும் நேரில் கண்டவர். பாதிச் சரிவில் நின்று மூச்சு வாங்கினார்.

"நாம நல்ல தண்ணிய உப்பாக்கினோம், இவங்க உப்புத் தண்ணிய நல்ல தண்ணியாக்குறாங்க. ரெண்டுமே கோர்ட்டுக்குத்தான் போகுதுங்களா?" என்றார்.

கோமுகத்தில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு விரைந்தோம்.