கம்பியின் கனம்

எலெக்ட்ரிக் கித்தாருக்குக் கம்பி வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "நைனா, டென்னா?" அவர் சொல்லும் 9, 10 என்பது முதல் கம்பியின் கனம். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பத்துப் பங்கு 10. ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். 9-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் தலைமயிரைவிட மெலிசு. அந்த மெலிசான வித்தியாசத்தில்தான் நம்ம விரலோட பாடு இருக்கிறது.

கனம் பார்ப்பது எங்க ஆளுங்களுக்குப் புதுசு இல்ல. எங்க தாத்தா பறைக்குத் தோல் பார்ப்பவர். கன்னுத்தோலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிச்சி, எது பேசும், எது ஊமையாப் போகும்னு சொல்லிடுவார். எங்க நைனா ஆம்பூர் பக்கம் டேனரியில் முப்பது வருஷம் கூலி. பதனிட்ட தோலை ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்த்துப் பார்த்தே எத்தனை மில்லிமீட்டர் என்பார். மேஸ்திரி அப்புறம் கருவி வைத்து அளந்தால் அதே கணக்குதான் வரும். இதையெல்லாம் யாரும் அறிவுன்னு சொல்லல. தோல்வேலைன்னு சொன்னாங்க. தீட்டுன்னும் சொன்னாங்க.

1993-ல் நானும் டேனரியில்தான் இருந்தேன். சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டிப் புரட்டி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். சாயங்காலத்தில் டவுனில் ஒரு வாத்தியாரிடம் கித்தார் கற்கப் போனேன். அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். "இது அடிக்கிற கைப்பா, மீட்டுற கை இல்ல" என்றார். ஆனாலும் ஃபீஸை வாங்கிக்கொண்டார். 12-ல் தொடங்கும் தடித்த செட்டைப் போடச் சொன்னார். ரத்தம் வந்தாத்தான் வித்தை வரும் என்பது அவருடைய பாடம்.

ரத்தம் வந்தது. வித்தைக்கு அது ஏன் வேணும்னு அப்போ எனக்குச் சொல்ல ஆளில்லை. இப்போ கணக்கோடு சொல்ல முடியும். 25.5 அங்குல நீளமுள்ள கித்தாரில் 10–46 செட்டை சாதாரண சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 47 கிலோ. அதே கித்தாரில் 9–42 போட்டால் சுமார் 38 கிலோ. 12 செட்டில் இது இன்னும் கூடும். போதாததுக்கு அந்தப் பழைய செட்டுகளில் மூணாவது கம்பியும் சுற்றுக்கம்பி. அதை இழுத்து ஒரு கமகம் கொண்டுவருவது, வெடித்த விரலுக்கு மூட்டை தூக்குகிற வேலை.

தடித்த கம்பியில் வாசிப்பவன்தான் ஆம்பிளை என்கிற பேச்சு உலகம் பூராவும் இருக்கிறது. பர்மிங்காம் நகரத்து டோனி அயோமியைப் பாருங்கள். தகரப் பட்டறைத் தொழிலாளி. 1965-ல், பதினேழு வயசில், இயந்திரத்தில் சிக்கி வலது கையில் ரெண்டு விரல் நுனி போய்விட்டது. அவர் இடதுகைக்காரர். கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். அதன்மேல் தோலை ஒட்டினார். பான்ஜோ கம்பியை மாட்டினார். பிற்பாடு சுருதியையும் இறக்கினார். பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த ஓசை இப்படித்தான் வந்தது. மெலிசான கம்பி, தளர்ந்த சுருதி, தோல் ஒட்டிய விரல்! கேட்கிறவன் என்னவோ இரும்புத் தூண் என்று நினைக்கிறான்.

பி.பி. கிங் 1925-ல் மிசிசிப்பியில் குத்தகைக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். பருத்தி எடுத்தவர். தடித்த கம்பியோடு மல்லுக்கட்டிய பில்லி கிப்பன்ஸிடம், எதற்கு இவ்வளவு பாடுபடுகிறாய் என்று அவர் கேட்டாராம். கிப்பன்ஸே இதைச் சொல்லியிருக்கிறார். வயலில் பாடுபட்டவருக்குத் தெரியும், பாடு வேறு, பாட்டு வேறு.

அதற்காக எல்லாரும் 9 போடுங்கள் என்று சொல்லவில்லை. உங்க கை, உங்க கித்தார், உங்க பாட்டு மூணையும் பாருங்கள். கித்தார் கட்டை நீளம் 24.75 அங்குலம் என்றால் அதே கம்பி இன்னும் தளர்வாக இருக்கும். அதில் 10 போட்டாலும் கை நோகாது. விடிய விடிய கச்சேரி என்றால் கானா பாடுகிறவருக்குத் தொண்டை இறங்கிப்போகும். எல்லாக் கம்பியையும் அரை சுருதி இறக்கிக்கொள்வோம். அப்படி இறக்கினால் 10 செட்டின் 47 கிலோ சுமார் 42 ஆகிவிடும். 9 போட்டிருந்தால் தொளதொளன்னு ஆகி ஃப்ரெட்டில் இடிக்கும். எப்பவும் இறக்கியே வாசிக்கிறவர்கள் 10 அல்லது 11-க்குப் போகலாம்.

சோதனை சுலபம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மூணாவது கம்பியை ஒரு முழு சுரம் மேலே இழுங்கள். மூணு தரம் இழுத்தும் சுருதி சேரலை, மணிக்கட்டு வலிக்குதுன்னா கம்பி கனம். ஆறாவது கம்பியை ஓங்கித் தட்டும்போது முதலில் சுருதி ஏறி, பிறகு இறங்கி, கூடவே சடசடன்னு இடித்தால் கம்பி மெலிசு. கனத்தை மாற்றினால் கழுத்து வளைவையும் பிரிட்ஜையும் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் குற்றம் கம்பிமேல் விழும்.

எதில் செய்த கம்பி என்பதும் முக்கியம். எலெக்ட்ரிக் கித்தாரின் பிக்கப்பில் இருப்பது காந்தம். நைலான் கம்பி போட்டால் அதுக்குக் கேட்கவே கேட்காது. வெண்கலம் சுற்றிய கம்பியில் உள்ளே இருக்கிற எஃகு மட்டும்தான் கேட்கும், ஓசை மங்கும். எஃகின்மேல் நிக்கல் முலாம் பூசியது பொதுவாக எல்லாப் பாட்டுக்கும் ஒத்துவரும். முழு நிக்கல் சுற்றியது கொஞ்சம் இதமாகப் பேசும். துருப்பிடிக்காத எஃகு பளிச்சென்று பேசும், வேர்வைக்கும் தாங்கும், ஆனால் ஃப்ரெட்டைச் சீக்கிரம் தின்றுவிடும்.

நரம்புக் கருவி உசத்தி, தோல் கருவி தாழ்த்தி என்று காலங்காலமாகச் சொல்லி வைத்திருக்கிறார்களே, அந்த நரம்பு எங்கிருந்து வந்தது? பேரிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் 1940-களில் நைலான் வரும்வரை கித்தாருக்குப் போட்டது ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பு. குடலை வழித்துக் கழுவி முறுக்க ஒரு கை வேண்டுமே. அந்தக் கையை எந்த மேடையில் உட்கார வைத்தார்கள்? மிருதங்கத்துக்குத் தோல் மூட்டுகிற தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் வர 2020 ஆகவேண்டியிருந்தது. ஆட்டைத் தோலாக்கினால் தீட்டு, நரம்பாக்கினால் நாதம் என்பது என்ன கணக்கு?

2018 ஜனவரி 6-ல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியபோது பறையும் கானாவும் எலெக்ட்ரிக் கித்தாரும் ஒண்ணா நின்றன. அதுக்கப்புறம் எங்க தெருப் பிள்ளைகளும் கித்தார் கேட்டு வருகிறார்கள். ஒரு பெண் ஷூ கம்பெனியில் பகலெல்லாம் பசை தடவிவிட்டு வருகிறாள். அவளுக்கு 9–42 போட்டுக் கொடுத்தேன். ரெண்டாவது வாரமே மூணாவது கம்பியை இழுத்துப் பாட வைத்துவிட்டாள். ரத்தம் வரவில்லை.

ஒரு செட் கம்பி வாங்க ஒருநாள் கூலி போய்விடும். எனவே நாலு பேர் சேர்ந்து மொத்தமாக வாங்குகிறோம். வாசித்து முடித்ததும் துணியால் துடைக்கிறோம். அழுக்கேறிய சுற்றுக்கம்பியை வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்தால் இன்னும் சில கச்சேரிக்கு ஓசை திரும்பும். தோழர்களே, கடையில் யாராவது உங்க கையைப் பார்த்து எது உங்களுக்கு ஒத்துவரும் என்று சொல்ல வந்தால், கம்பியை வாங்கி ரெண்டு விரலுக்கு நடுவுல வைத்து நீங்களே பாருங்கள். கனம் பார்க்க நமக்குத் தெரியும்.