எடுத்ததைத் திருப்பி வைத்தல்

குந்தாரப்பள்ளியில் வாழும் நமக்கு வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையும் ஓசூர் செல்லும் ஷிப்ட் பேருந்தும் ஒருங்கே பழகியவை. அந்தப் பேருந்தில் போகிற நம் பிள்ளைகளின் வருகையையும் கூலியையும் இன்று கணக்கு வைப்பது மென்பொருள். இவ்வாரம் அதனுள்ளே நடந்த ஒரு காரியத்தைச் சிந்திப்போம்.

நம் சபையின் வாலிபர் ஒருவர் ஒரு தொழிற்கூடத்தின் வருகைப் பதிவு மென்பொருளைக் கவனித்துவருகிறார். அது ஜாவாவில் எழுதப்பட்டது. முன்பெல்லாம் வலைச் சேவையகத்தைத் தனியே நிறுவி, நிரலை அதனுள் வைப்பார்கள். இப்பொழுதோ டாம்கேட், ஜெட்டி போன்ற சேவையகத்தை நிரலுக்குள்ளேயே பொதித்துவிடுகிறார்கள். 2014-இல் வெளிவந்த ஸ்பிரிங் பூட் இம்முறையைப் பரவலாக்கிற்று. தமிழகத்தில் வளர்ந்த ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் பலவும் டாம்கேட்டையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் தம்மோடு சுமந்தே வருகின்றன.

சில மாதங்களுக்குமுன், இரவு ஷிப்ட் தொடங்கும் வேளையில் அவருடைய மென்பொருள் உறைந்துபோகத் தொடங்கிற்று. கைரேகை வைத்தும் வருகை பதிவாகவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சிலருக்கு அரைநாள் கூலி பிடிக்கப்பட்டது. வீட்டு வாடகைக்கென்று எண்ணி வைத்திருந்த பணம் அது. மறுதொடக்கம் செய்தால் சரியாகும். சில நாளில் மீண்டும் உறையும்.

“ஐயா, சேவையகம் நன்றாக இருக்கிறது, தரவுத்தளமும் நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு” என்றார் அவர்.

டாம்கேட் ஒரே வேளையில் 200 வேண்டுகோள்களை ஏற்று நடத்தும். ஆனால் தரவுத்தளத்துக்கு ஒவ்வொரு முறையும் புதிய இணைப்பை உண்டாக்குவது காலத்தைத் தின்னும். ஆகவே சில இணைப்புகளைத் திறந்து ஒரு தொகுப்பில் வைத்திருப்பார்கள். 2018 முதல் ஸ்பிரிங் பூட் இதற்கு ஹிகாரி என்னும் தொகுப்பைப் பயன்படுத்துகிறது. ஜப்பானிய மொழியில் அதற்கு ‘ஒளி’ என்று பொருள். நாம் மாற்றாதவரை அதன் அளவு 10 இணைப்புகளே. பத்தும் வெளியே இருந்தால், அடுத்த வேண்டுகோள் 30 வினாடி காத்திருந்து பிழையோடு திரும்பும்.

200-க்கு 10 போதுமா? எடுத்தவர் கணப்பொழுதில் திருப்பி வைத்தால் தாராளமாய்ப் போதும். அங்கே மேலாளர் சொற்படி 10-ஐ 50 ஆக்கினார்கள். உறைவதற்குக் கூடுதல் நாள்கள் ஆயின, அவ்வளவே. போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஏற்பதும் 100 இணைப்புகள்தாம்.

பின்பு அவர் ஹிகாரியின் கசிவு கண்டறியும் வசதியை இயக்கினார். ஓர் இணைப்பு குறித்த நேரத்துக்கு மேல் வெளியே தங்கினால், அதை எடுத்த இடத்தை அது பதிவு செய்யும். காரணம் புலப்பட்டது: கைரேகை பொருந்தியபோது நிரல் இணைப்பைத் திருப்பி வைத்தது, பொருந்தாதபோது பிழை என்று பாதியிலேயே வெளியேறிற்று, இணைப்போ திரும்பவில்லை. இதற்கென்றே 2011-இல் ஜாவா 7 ஓர் அமைப்பைத் தந்திருக்கிறது. எவ்வழியே வெளியேறினாலும் இணைப்பு தானே மூடப்படும். அதைக்கொண்டு திருத்தி, அளவை மீண்டும் 10 ஆக்கினார். அந்தப் பதிவையே சான்றாகக் காட்டி வாதாடி, பிடித்த கூலியையும் மீட்டுத் தந்தார்.

பிரியமானவர்களே, பற்றாக்குறை என்று நாம் புலம்புவதில் எத்தனை பங்கு, எடுத்தவர் திருப்பி வைக்காததால் வந்தது! காரியம் வாய்த்த நாளில் கடனைத் தீர்ப்பது எளிது. காரியம் கெட்ட நாளிலும் பிறருடையதை அவருடைய இடத்தில் சேர்ப்பதே உண்மை. நம்மிடம் தங்கிவிட்ட ஒன்றுக்காக எங்கோ ஒருவர் வரிசையில் காத்திருக்கக்கூடும். இவ்வாரம் அதைத் தேடி எடுத்துத் திருப்பிக் கொடுப்போமாக.