தூசிக்கு மின்சாரம், கந்தகத்துக்கு?

நெய்வேலியில் மந்தாரக்குப்பம் பக்கம் நின்றால் இரண்டாம் தெர்மலின், அதாவது இரண்டாம் அனல் மின் நிலையத்தின், புகைபோக்கிகள் தெரியும். கரும்புகை இல்லை. சாம்பல் எங்கே போயிற்று என்று தெர்மலில் வேலை பார்த்தவரைக் கேளுங்கள். ஒரே பதில்: இ.எஸ்.பி. (எலக்ட்ரோஸ்டாடிக் பிரிசிபிடேட்டர்).

வீடு மாதிரி பெரிய பெட்டி அது. உள்ளே இரும்புத் தகடுகள் வரிசையாகத் தொங்கும். நடுநடுவே மெல்லிய கம்பிகள். கம்பிக்கு ஏறக்குறைய 50,000 வோல்ட், எதிர்மின். கம்பியை ஒட்டிய வாயு அயனியாகி நீலமாய் மினுங்கும், அதுதான் கொரோனா. சாம்பல் துகள் அந்த மின்னூட்டத்தை வாங்கிக்கொண்டு தகட்டில் போய் ஒட்டும். அவ்வப்போது சுத்தியல் ஒன்று தகட்டைத் தட்டும். சாம்பல் ஏடு ஏடாக உதிர்ந்து கீழே ஹாப்பரில் விழும்.

ஷட்டவுனில்கூட சும்மா கதவைத் திறந்துவிட முடியாது. மின்சாரத்தை நிறுத்தி எர்த் செய்தால்தான் பூட்டின் சாவி கையில் கிடைக்கும். சப்ளை போன பிறகும் உள்ளே மின்னூட்டம் மிச்சமிருக்கும்.

1880களில் பிரிட்டனில் ஆலிவர் லாட்ஜ் ஈய உலைப் புகையை மின்சாரத்தால் பிடிக்க முயன்றார். கையிலிருந்த மின்கருவிக்குத் தெம்பு போதவில்லை. கலிஃபோர்னியாவில் காட்ரெல் 1907 வாக்கில் கந்தக அமிலப் பனியைப் பிடித்துக் காட்டினார். இன்று நம் ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையிலேயே இ.எஸ்.பி. செய்கிறார்கள்.

ஒரு கணக்கு (டாய்ச், 1922): 100 துகளில் 90-ஐப் பிடிக்க எவ்வளவு தகடு வேண்டுமோ, தப்பிய பத்தில் ஒன்பதைப் பிடிக்கவும் அதே அளவு தகடு வேண்டும். 99 சதவீதத்திலிருந்து 99.9-க்குப் போகத் தகட்டுப் பரப்பு ஒன்றரை மடங்கு. நுண்துகளை விடக் கூடாது என்றால் இந்தச் செலவைச் செய்துதான் ஆகவேண்டும்.

எனக்கு உறுத்துவது இதுதான். இ.எஸ்.பி. பிடிப்பது தூசியை. கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் தகடுகளுக்கு நடுவே அப்படியே போய்விடும். அவை கண்ணுக்குத் தெரியாது. புகை தெரியவில்லை என்பதற்காகக் காற்று சுத்தம் என்று நம் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது.

அதே மின்சாரத்தால் வாயுவையும் மடக்க வழி உண்டு. ஒரு நொடியின் கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் உயர் வோல்ட் துடிப்புகளைக் கொடுத்தால், பாயும் எலக்ட்ரான்கள் நீராவியையும் ஆக்சிஜனையும் உடைக்கும். அதில் பிறக்கும் ஹைட்ராக்சிலும் ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரிக் அமிலம் வரை கொண்டுபோகும், கந்தகமும் அமிலமாகும். அம்மோனியா சேர்த்தால் உரம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் டீசல் புகையை வைத்து இந்த வகை ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

நெய்வேலி நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். புகையிலும் நீராவி அதிகம். ஹைட்ராக்சிலுக்கு மூலப்பொருள் அங்கேயே இருக்கிறது. ஒரு காலத்தில் யூரியா செய்த ஊரும் இதுதான். இங்கே ஒரு சோதனை அலகாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

தடை மின்செலவு. உற்பத்தியில் சில சதவீதத்தையே கேட்கும். கந்தகத்தைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல் மலிவு. இரண்டாம் தெர்மலின் 250 மெகாவாட் விரிவாக்க அலகுகளில் அதைக் கொதிகலனுக்குள்ளேயே போடுகிறார்கள். பழைய 210 மெகாவாட் அலகுகள் அந்த வகைக் கொதிகலன் அல்ல.

டிசம்பர் 2015 மத்திய விதிகள் தூசியோடு கந்தகத்துக்கும் வரம்பு வைத்தன: 2016-க்குள் வந்த, 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகென்றால் கன மீட்டருக்கு 600 மில்லிகிராம். அதன் பிறகு கெடு தள்ளிக்கொண்டே போனது. ஜூலை 2025-இல் நாட்டின் பெரும்பாலான அனல் நிலையங்களுக்குக் கந்தக விதியில் விலக்கே கொடுத்துவிட்டார்கள். இது தவறு என்றே நினைக்கிறேன். தூசி அளவோடு கந்தக அளவையும், அலகு வாரியாக, பலகையில் தமிழில் எழுதி வைக்கட்டும்.