தட்டில்லா உறை

இசைத்தட்டின் உறையொன்றை ஐந்தாண்டுகள் பார்த்திருந்தோம். அதன் இசையை ஒருநாளும் கேட்டிலோம். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோக, எம் சிற்றப்பாவின் றெக்கோட் பிளேயர் துணி போர்த்தபடி மூலையிற் கிடந்தது. சிற்றப்பா இக்கல்லூரியின் பழைய மாணவர். ஆங்கிலப் பாட்டிற் பித்துடையவர். (பாட்டனார்க்கு அஃது உவப்பன்று.) தட்டைத் தாம் வைத்துக்கொண்டு உறையை எம்மிடம் தந்தார்.

பீற்றில்ஸ் எனும் இங்கிலாந்துக் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'சார்ஜன்ற் பெப்பர்' தட்டின் உறை அது. ஓவியர் பீற்றர் பிளேக்கும் ஜான் ஹேவொர்த்தும் அமைத்தது. நால்வரும் பளபளக்கும் பட்டுச் சீருடையில், குழலும் கொம்பும் ஏந்தி நடுவே நிற்பர். பின்னே ஐம்பதுக்கு மேற்பட்ட பிறர் முகங்கள். அருகே அதே நால்வர், கரிய உடையில், மெழுகுப் பதுமைகளாய். முன்னே செம்மலர்களால் எழுதிய அவர்தம் பெயர். புதிதாய் மூடிய குழிமேல் மலரிட்டாற் போன்ற தோற்றம்.

"சித்தப்பா, இது பாண்டு வாத்தியமோ?" என வினவினோம்.

"இல்லைத் தம்பி, வேசம் கட்டியிருக்கிறாங்கள். கேட்டால் விளங்கும்" என்றார்.

முகங்களுள் பரமஹம்ச யோகானந்தரையும் சுட்டிக் காட்டினார். ஆங்கிலப் பாட்டுக்காரரிடையே யோகியார்க்கு என்ன வேலை? அதற்கும் "கேட்டால் விளங்கும்" என்பதே விடை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, ஊரே பெயர்ந்தபோது, உறையைப் பாடநூல்களுக்கிடையே செருகிக்கொண்டோம். மறு ஆண்டு திரும்பியபோது வீட்டில் தட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. சிற்றப்பா திரும்பவில்லை, வன்னியிற் காய்ச்சல் கண்டு இறந்தார்.

2003இல் கொழும்பில் நண்பரொருவர் வீட்டில் அவ்விசையைக் கேட்டோம். யாம் எதிர்பார்த்த கொம்புகள் முதற்பாட்டில் ஒலித்தன. அப்பால் சர்க்கஸ் கூடாரத்து ஒலிகள், யாழும் வயலினும், பின்னர்த் தட்டின் மறுபக்கத் தொடக்கத்தில், எம் செவியை நம்ப இயலாதவாறு, தில்ரூபாவும் தபேலாவும்! பாடியவர் ஜோர்ஜ் ஹரிசன். யோகியாரை உறையிற் சேர்ப்பித்தவரும் அவரே. 1966 ஓகஸ்ற்றில் மேடைச் சுற்றுலாக்களை நிறுத்திய அந்நால்வர், கருஞ்சட்டை இளைஞர் என்ற பழைய கோலத்தைப் பதுமையாக்கி ஒதுக்கிவிட்டு, வேறொரு குழுவாகத் தம்மைப் பாவித்துப் பாடினர். மேடையில் இசைத்தற்கரிய ஒலிகளை அத்துணை துணிவுடன் ஆண்டது அவ்வேடத்தின் மறைவில் நின்றே. சிற்றப்பா சொன்ன வேடம் இதுவெனப் பன்னீராண்டுக்குப் பின் உணர்ந்தோம். சொல்லி மகிழ அவர் இல்லை.

அக்குழுவின் 1968ஆம் ஆண்டுத் தட்டின் உறையையும் அந்நண்பரே காட்டினார். றிச்சட் ஹமில்ற்றன் அமைத்த வெறும் வெள்ளை. பெயர் மட்டும் புடைப்பெழுத்தில், சற்றே சாய்ந்து. இரு தட்டுகளில் முப்பது பாட்டுகள், ஒன்றோடொன்று ஒவ்வாதன. உள்ளே நால்வர் படங்களும் தனித்தனியே. அத்தட்டின் ஒலிப்பதிவுக்கிடையில் றிங்கோ ஸ்ரார் சிலநாள் குழுவை விட்டே அகன்றிருந்தார். நால்வரையும் ஒருங்கு நிறுத்தும் ஓவியம் அவ்வேளை பொய்யாகியிருக்கும் போலும். அவ்வெண்மையை மெச்சுகின்றோம், ஆயினும் எம் நெஞ்சு நாடுவது பழைய உறையையே.

சென்ற தவணையில் அதனை எட்டாம் வகுப்பிற்குக் கொண்டு சென்று, இதனுள் எவ்விசை இருக்கும் எனக் கேட்டோம். கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"பாண்டு, சேர்."