கொழுந்தில் படியும் சாம்பல்

ஆடி பிறந்தால் காந்தலூரில் ஆப்பிள் பழுத்த செய்தி நாளிதழில் வந்துவிடும். பழம் பறிக்கும் சுற்றுலாக்காரர்களின் படமும் இருக்கும். அந்த மரத்தை ஒட்டுக் கட்டிய கை மட்டும் இருக்காது. அதைப் பார்க்க வேண்டுமென்றதும் உடுமலை நண்பர் ஒருவர் ஆள் சொல்லி அனுப்பினார். சின்னாறு சோதனைச் சாவடி தாண்டி, மறையூர்க் கரும்பையும் சந்தனத்தையும் கடந்து மேலே ஏறினேன். கேரளத்து இடுக்கி மாவட்டம்தான், ஆனால் பேசுவது அஞ்சுநாட்டுத் தமிழ்.

நண்பர் சொல்லிவைத்த நர்சரியில், மண் கலவை, உரம், பை நிரப்புதல் என்று அதன் முதலாளி விளக்கியதில் பாதி என் காதில் ஏறவில்லை. கண் முழுக்க அங்கே ஒட்டுக் கட்டும் அக்காவின் கத்திமேல் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் தீட்டிய அலகு. வேர்ச்செடியில் ஒரு சாய்வு வெட்டு, தாய்க்குச்சியில் அதே சாய்வு, இரண்டிலும் ஒரு நாக்கு. பட்டைக்கு உள்ளிருக்கும் பச்சை பச்சையோடு சேரக் கோத்து, பாலிதீன் நாடாவால் இறுக்கினார். மூணாறு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல்கள். அங்கே நாள்கூலி, அளவுக்கு மேல் கிள்ளிய கிலோவுக்குக் கூடுதல் காசு. இங்கே பிடித்த ஒட்டுக்கு மட்டும் கூலி.

பக்கத்துப் பாத்தியில் விதைக் கன்றுகள். ஆப்பிள் விதை தாயைப் போல முளைக்காது. “எல்லாம் ஒரே மரத்து விதைதான் சார். இது முழங்கை உசரம், அது விரலுக்கு மேல எழும்பல. சாம்பலும் அப்படித்தான், ஒண்ணுல அப்பும், பக்கத்துல இருக்கிறதத் தொடாது,” என்றார் அக்கா.

அவர் சொன்ன சாம்பல், பொடோஸ்பேரா லூகோட்ரிக்கா என்ற பூஞ்சை. பெரும்பாலான நோய்ப் பூஞ்சைகளுக்கு இலை நனைந்திருக்க வேண்டும், இதற்கு வேண்டியதில்லை. காய்ந்த பகலும் ஈரக்காற்று வீசும் இரவும் போதும். முற்றிய இலையைச் சீண்டாது, கொழுந்தைத்தான் தேடும். ஜோனதன், ரோம் பியூட்டி இரண்டும் சீக்கிரம் விழும். ரெட் டெலிசியஸ் ஓரளவு தாங்கும். எதிர்ப்புக் குணத்தை ஆய்வாளர்கள் மாலஸ் ரொபஸ்டா, மாலஸ் சூமி போன்ற புளிப்புக் காட்டு ஆப்பிள் வகைகளிலிருந்து எடுத்தார்கள். மாலிங் மெர்ட்டன் வேர்ச்செடிகளை இங்கிலாந்தில் உருவாக்கியது கம்பளி அசுவினிக்கு எதிராக. மேலே ஒட்டிய குச்சியின் சாம்பலுக்கு அவை பொறுப்பல்ல.

இனி வியாபாரிகள். அவர்கள் கன்றின் உயரத்தைப் பார்த்து விலை வைக்கிறார்கள். உயரத்துக்காக யூரியா, யூரியாவால் ஓயாத கொழுந்து, கொழுந்தெல்லாம் பூஞ்சைக்குத் தீனி. கந்தகம் தெளித்தால் வெள்ளை மறையும், ஆனால் மொட்டுக்குள் ஒளிந்த பூஞ்சை அடுத்த தளிரோடு வெளியே வரும். அதற்குள் கன்று யாரோ ஒரு விவசாயியின் தோட்டத்தில் நின்றிருக்கும். விற்றவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். வளர்ச்சிக்குக் காசு கொடுத்துவிட்டு நோயை இலவசமாகத் தள்ளிவிடும் இந்த வியாபாரத்தில், குட்டைக் கன்றைக் காப்பாற்றியவருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கிடையாது.

“நெட்டையா இருக்கிறதுலேர்ந்து நான் குச்சி எடுக்கமாட்டேன் சார்,” என்றார் அக்கா, வெள்ளை படிந்த நுனிகளைச் சாக்கில் நறுக்கிப் போட்டபடி. “முதலாளி வையிறாரு. வைஞ்சா வையட்டும், ஒட்டு பிடிக்கலன்னா கூலி போறது எனக்குத்தானே?”